ஆரஞ்சு நாடா கட்டிய கம்பு

இந்தக் கோப்பையை மாற்றித் தர முடியுமா, சார்ஜென்ட் பெல்மோர்? விளிம்பில் யாரோ ஒருத்தியின் உதட்டுச் சாயம் ஒட்டியிருக்கிறது. கழுவியிருப்பார்கள், தெரியும். ஆனால் தண்ணீர் காட்டுவது வேறு, சுத்தம் செய்வது வேறு. அந்த வித்தியாசம் தெரியாத ஆளோடுதான் என் ஆயுசில் பாதி போயிற்று. சரி, தேநீரே வேண்டாம். நீங்கள் கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். வக்கீல் வேண்டாம் என்று சொன்னதும் அதற்குத்தான். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து இருமிக்கொண்டே இருந்தால் எனக்குப் பேச வராது.

இந்த ஊரில் பாதிப் பேரின் வாய்க்குள் நான் கைவிட்டிருக்கிறேன். பல் டாக்டரிடம் பல் சுத்தம் செய்யும் வேலை. உங்களுக்கும் செய்திருக்கிறேன், இடது பக்கக் கடைவாய்ப் பல்லை நீங்கள் சரியாகத் துலக்குவதே இல்லை. மனிதர்கள் வெளியே எப்படி உடுத்துகிறார்கள், தேவாலயத்தில் எந்த வரிசையில் உட்காருகிறார்கள் என்பதெல்லாம் எனக்கு ஒரு பொருட்டில்லை. வாயைத் திறக்கச் சொன்னால் வண்டவாளம் தெரிந்துவிடும். அத்தனை அழுக்கையும் நான் முகம் சுளிக்காமல் எடுத்திருக்கிறேன். கையுறை இருந்தால் எனக்கு எதுவும் முடியும்.

டெல்பர்ட் என் வீட்டுக்காரராக இருந்தவர். இனிமேல் மரியாதை எதற்கு, அவன் என்றே சொல்கிறேன். நெடுஞ்சாலைத் துறையில் பனி அள்ளும் வண்டி ஓட்டினான். சம்பாதித்தான், அடித்ததில்லை, வேறு பெண்ணிடம் போனதில்லை. கேட்பவர்கள் எல்லோரும் பிறகு எதற்கம்மா பிரிந்தாய் என்பார்கள். சாப்பாட்டு மேஜையில் காலைத் தூக்கி வைத்துக் கால் நகம் வெட்டுவான். சமையலறைத் தொட்டியிலேயே மீன் அரிவான். பல் குத்திய குச்சியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மறுநாள் எடுத்துக் குத்துவான். இதையெல்லாம் நீதிபதியிடம் சொன்னால் சிரிப்பார். இருபது வருஷத்துக்கு மேல் தினமும் பார்த்தவளுக்குச் சிரிப்பு வராது. எனக்கு அவன் மேல் கோபம் இருந்ததாக நீங்கள் எழுதிக்கொள்ளாதீர்கள். அருவருப்பு மட்டும்தான் இருந்தது. கோபம் என்றால் என்றைக்காவது ஆறிப்போகும்.

பிரிந்தபோது அவன் ஏரிக்கரை வீட்டிலேயே இருந்துகொண்டான். நான் ஊருக்குள் சலவைக் கடைக்கு மேலே ஓர் அறையில் குடியேறினேன். வீடு இரண்டு பேர் பெயரிலும் இருந்தது. ஒருவர் கையெழுத்து இல்லாமல் இன்னொருவர் விற்க முடியாது. ஒருவர் செத்தால் வீடு முழுவதும் மற்றவருக்குப் போகும்படி பத்திரம் அந்தக் காலத்தில் எழுதியது. விவாகரத்து ஆகிறதே, அதை மாற்றி எழுதிக்கொள்ளுங்கள் என்று வக்கீல் அப்போதே சொன்னார். அதற்கு வேறு தண்டம் அழ வேண்டுமா என்றான் டெல்பர்ட். எனக்கும் அது சரியென்று பட்டது. நாங்கள் இருவரும் ஒத்துப்போன கடைசி விஷயம் அதுதான் என்று நினைக்கிறேன்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஊருக்குள் மருத்துவமனைக்குப் பின்னால் புதிதாக அடுக்குமாடி கட்டினார்களே, அதில் மூன்றாவது மாடியில் ஒரு சின்ன ஃபிளாட். சுவரெல்லாம் வெள்ளை. கழிப்பறை இருக்கையில் சுற்றியிருந்த காகிதப் பட்டையைக் கூட இன்னும் பிரிக்கவில்லை. இதில் இதுவரை ஒருத்தர்கூட உட்கார்ந்ததில்லை என்று விற்கிற பெண் சொன்னாள். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. கட்டிடக்காரர்கள் எனக்காக அதை எடுத்துவைத்தார்கள். ஏரிக்கரை வீடு விற்றால்தான் வாங்க முடியும்.

ஆகவே ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த வீட்டுக்குப் போய், வீடு பார்க்க ஆட்கள் வருவதற்கு முன் சுத்தம் செய்தேன். அவன் வீட்டை வைத்திருந்த லட்சணத்தை நீங்களும் பார்த்தீர்கள். குளியல் தொட்டியில் வளையம் வளையமாக அழுக்கு, அதற்கு மேல் தூண்டில் இரைக்காக மிதக்கவிட்ட குட்டி மீன்கள். நான் முழங்காலிட்டுத் தேய்ப்பேன், அவன் சோபாவில் சாய்ந்து பீர் குடித்தபடி பார்ப்பான். "மகாராணி வந்துட்டாங்க, மூக்கப் பொத்திக்கிட்டே வாங்க" என்பான். அவன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பல காலம் ஆகியிருந்தது. நான் அடுப்பில் ஆப்பிள் துண்டும் பட்டையும் போட்டுக் கொதிக்கவிடுவேன், அந்த வாசனைக்கு வீடு விற்கும் என்று தரகர் சொல்லியிருந்தார்.

விற்கவும் செய்தது. டொரன்டோவிலிருந்து இங்கே வேலைக்கு வந்த ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. ஏரியைப் பார்த்ததும் முடிவு செய்துவிட்டாள். நாங்கள் கேட்ட விலையைத் தருவதாகக் கையெழுத்தே போட்டாள். கிணற்றுத் தண்ணீரையும் செப்டிக் டேங்கையும் ஆள் வைத்துப் பார்த்துக்கொள்வேன் என்று மட்டும் நிபந்தனை போட்டிருந்தாள். அதில் தப்பில்லை, எல்லோரும் போடுவதுதான். நான் டெல்பர்ட்டைக் கேட்டேன். கோடை முடியும்போதே லாரியை வரவழைத்து டேங்கைக் காலி செய்துவிட்டதாகச் சொன்னான். என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னான்.

பரிசோதகர் வந்து மூடியைத் தூக்கினார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். அந்த டேங்கில் பல வருஷமாக யாரும் கை வைக்கவில்லை. மேலே ஓர் அடி கனத்துக்குக் கொழுப்பு மிதந்தது, பொரித்த எண்ணெயையெல்லாம் அவன் கழிப்பறையில்தான் ஊற்றியிருக்கிறான். அதில் மீன் குடல், ஈரத் துடைப்பான், மான் ரோமம், இன்னும் என்னென்னவோ. பக்கச் சுவர் விரிசல் விட்டு ஏரிப் பக்கமாகக் கசிந்துகொண்டிருந்தது. ஆசிரியை வாயைப் பொத்திக்கொண்டு விறகுக் கொட்டகைப் பக்கம் ஓடினாள். அவள் வாந்தி எடுக்கும் சத்தம் எங்களுக்குக் கேட்டது. டெல்பர்ட் என்ன சொன்னான் தெரியுமா?

"எல்லாம் நம்ம வயித்துல இருந்து வந்ததுதான டீச்சர். பூவா மணக்கும்?"

அன்று சாயங்காலமே அவள் பின்வாங்கிவிட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். பரிசோதகரும் டெல்பர்ட்டும் மூடியைத் திரும்ப வைக்கும்போது அவன் கைநழுவவிட்டு, அந்தக் கான்கிரீட் மூடி இரண்டாகப் பிளந்தது. புது மூடி வாங்கிப் போடு என்றேன். பழைய குளியலறைக் கதவு ஒன்று கொட்டகையில் கிடந்தது. அதை இழுத்து வந்து குழிமேல் போட்டுவிட்டு, மூடியாயிற்று என்றான். எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி, எதுவும் அவனுக்கு உறைக்காது.

விற்பனை கெட்டதை எப்படித் தாங்கிக்கொண்டீர்கள் என்று கேட்டீர்களே. தாங்கிக்கொண்டேன். சலவைக் கடைக்கு மேலே இருக்கும் என் அறையில் ஊர்க்காரர்களின் உள்ளாடை வெந்நீரில் கொதிக்கும் ஆவி தரைப்பலகை வழியே ஏறும். அதை முகர்ந்துகொண்டு படுத்திருந்தேன். கட்டிடக்காரர்கள் பிப்ரவரி முடியும்வரைதான் பொறுப்போம் என்றார்கள். அதற்குமேல் ஃபிளாட் வேறு யாருக்கோ போய்விடும். வேறு யாரோ போய் அதில் உட்காருவார்கள். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் கஸ்தோனும் அவன் மனைவி இரேனும் வந்தார்கள், பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. கஸ்தோன் மண் தோண்டும் இயந்திரம் வைத்துத் தொழில் செய்பவன். டேங்க் உடைந்திருந்தால் என்ன, நானே தோண்டிப் புதிது வைத்துக்கொள்கிறேன், அதற்கு ஏற்ற மாதிரி விலையைக் குறையுங்கள் என்று தொலைபேசியில் சொன்னான். இதைவிட நியாயமான ஆளை எங்கே தேடுவது? நான் ஓடிப்போய் டெல்பர்ட்டிடம் சொன்னேன். அவன் மீன் வறுத்துக்கொண்டிருந்தான்.

"ஒரு காசு கொறைக்க மாட்டேன். வந்து பாக்குறதுன்னா பாக்கட்டும், கையெழுத்து கெடையாது" என்றான்.

"எனக்கு அந்த ஃபிளாட் போயிடும், டெல்பர்ட்."

"போனாப் போகுது. இங்கயே வந்துடு. ஒன் கக்கூஸ் இன்னும் இங்கதான இருக்கு, மகாராணி."

சொல்லிவிட்டு மீன் எண்ணெய் ஒட்டிய விரல்களை ஒவ்வொன்றாக நக்கினான். நான் அடுப்பு மேல் தெறித்திருந்த எண்ணெயைத் துடைத்துவிட்டு வந்துவிட்டேன்.

கம்பு விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்குத் தெரியாததில்லை, நீங்களும் இங்கேயே பிறந்தவர். பனி விழுவதற்கு முன் ஒவ்வொரு வீட்டிலும் ஆரஞ்சு நாடா கட்டிய கம்புகளை நட்டுவைப்போம். பாதையின் ஓரம் எது, பூச்செடி எங்கே, டேங்க் எங்கே என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. எல்லாம் ஒரே வெள்ளை. எங்கள் வீட்டில் கம்பு நடுவது எப்போதும் என் வேலை. வீட்டு மூலையிலிருந்து கயிறு பிடித்து அளந்துதான் நடுவேன். பிரிந்த பிறகும் இலையுதிர்காலத்தில் போய் நட்டுக் கொடுத்தேன், ஏனென்றால் அவன் கண்ட இடத்தில் குத்திவைப்பான். டெல்பர்ட் என் பேச்சை ஒருநாளும் நம்பியதில்லை. ஆனால் என் கம்பை நம்புவான். பனி அள்ளும் வண்டி ஓட்டியவன் அல்லவா, கம்பைப் பார்த்து நடப்பது அவன் ரத்தத்தில் ஊறியது. பின்வாசலிலிருந்து ஏரிக்குப் போகிற வழியில் டேங்க் இருக்கிறது. அதை ஒட்டி இருக்கும் கம்பு வந்ததும் அதற்கு இடப்புறமாக ஒதுங்கிப் போவான். குடித்திருந்தாலும் அப்படித்தான் போவான்.

கஸ்தோனும் இரேனும் வரவிருந்த சனிக்கிழமைக்கு முதல் நாள் நல்ல பனி. அவன் நடந்த தடமெல்லாம் மூடிப்போயிருந்தது. நான் காலையிலேயே போய்விட்டேன், அவன் குறட்டைவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். முதலில் டேங்கைக் கவனித்தேன். குளிர்காலத்தில் டேங்க் உறையாமலிருக்க அதன் மேல் வைக்கோலோ தெர்மாகோல் பலகையோ போடுவது இங்கே எல்லோரும் செய்வதுதான். அந்தக் கதவு கனமானது, குளிரைத் தடுக்காது. அதை எடுத்துக் கொட்டகையில் சாய்த்துவிட்டு, குழிமேல் தெர்மாகோல் பலகையை வைத்தேன். பனியை அள்ளிப் பரப்பி, பார்க்கிறவர்களுக்கு அசிங்கமாகத் தெரியாதபடி சமன் செய்தேன். பிறகு கம்பைப் பிடுங்கி வலப்புறம் விறகுக் கொட்டகைப் பக்கமாக நாலு எட்டு தள்ளி நட்டேன். முற்றத்தின் நடுவில் நின்றால் அது ஏரியை மறைக்கிறது. ஏரிக்காகத்தானே அந்த வீட்டை எல்லோரும் பார்க்க வருகிறார்கள். இப்படித்தான் அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீடு பார்க்க வருகிறவர்களுக்காக நான் செய்த ஏற்பாடுகளில் அதுவும் ஒன்று.

பிறகு அவனை எழுப்பி முட்டை பொரித்துக் கொடுத்தேன். வீடு பார்க்க ஆள் வரும்போது வீட்டுக்காரர்கள் இருக்கக் கூடாது என்பது தரகர்களின் சட்டம். உறைந்த ஏரி மேல் இருக்கும் உன் மீன்பிடிக் குடிசைக்குப் போய்விட்டு இருட்டிய பிறகு வா என்றேன். முனகினான், ஆனால் போகிறேன் என்றான். வாளி, தூண்டில், பீர் எல்லாம் எடுத்துக்கொண்டு பின்வாசலைத் திறந்தான்.

"முட்டை நல்லாருந்துச்சு" என்றான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் அவனுக்கு வயிறாரப் போட்டுத்தான் அனுப்பினேன்.

நான் அடுப்பின் உட்புறத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. வாளி உருளும் சத்தம்தான் முதலில் கேட்டது. அப்புறம் அவன் கூப்பிட்டான். மகாராணி என்று கூப்பிடவில்லை, மார்லீன் என்று கூப்பிட்டான். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அடுப்பு ரசாயனம் காய்ந்தால் கறை பிடித்துவிடும், ஆகையால் அந்தப் பக்கத்தை முடித்துவிட்டுப் பூட்ஸ் மாட்டிக்கொண்டு போனேன்.

நெஞ்சு வரை இருந்தான். தலையில் அடியும் பட்டிருந்தது. அந்த நாற்றத்தை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அன்றைக்கு நீங்களே கைக்குட்டையை முகத்தில் கட்டிக்கொண்டு நின்றீர்கள். அந்தக் குழிக்குள் நல்ல காற்று கிடையாது, அதிக நேரம் தாங்காது என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவன் மூச்சு ஏற்கெனவே ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. கையை மேலே நீட்டினான்.

"மார்லீன், கையக் குடு. கைய மட்டும் குடும்மா."

நான் அந்தக் கையைப் பார்த்தேன். விரலிடுக்கிலெல்லாம் அப்பியிருந்தது. அதே விரல்கள், அதே நகங்கள். என்னால் தொட முடியவில்லை, சார்ஜென்ட். இதைத்தான் நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சிலருக்கு உயரத்தைக் கண்டால் கால் நகராது, சிலருக்குப் பாம்பைக் கண்டால். எனக்கு அழுக்கு. இது ஒரு வியாதி, கெட்ட எண்ணம் இல்லை. கொஞ்ச நேரம் நின்றுதான் பார்த்தேன். மனசைத் தயார் செய்துகொள்ளப் பார்த்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் நாற்றம் சமையலறை வரை போக ஆரம்பித்துவிட்டது. ஆப்பிளும் பட்டையும் அதற்குமுன் எம்மாத்திரம்? கஸ்தோனும் இரேனும் வர அதிக நேரம் இல்லை. அதனால் கொட்டகையிலிருந்து அந்தப் பழைய கதவை இழுத்துவந்து குழியை மூடினேன். மேலே பனியைப் பரப்பினேன். அப்போதும் அவன் பேசிக்கொண்டுதான் இருந்தான். மூடிய பிறகு என்ன சொன்னான் என்று சரியாகக் கேட்கவில்லை. மறுபடி பனி கொட்டத் தொடங்கியது, என் கால் தடமும் மறைந்தது. உள்ளே வந்து வாசனைத் தண்ணீரைப் புதிதாகக் கொதிக்க வைத்தேன்.

அவர்கள் நல்லவர்கள். கஸ்தோன் வாசலிலேயே பூட்ஸைக் கழற்றினான். இரேன் சமையலறைக்குள் வந்ததும், "எங்க அம்மா வீட்டுக்கு வந்த மாதிரி இருக்குங்க, என்ன வாசனை" என்றாள். அவள் பின்பக்க ஜன்னலருகே நின்றபோது கம்பின் உச்சியில் ஒரு நீலப் பறவை வந்து உட்கார்ந்தது. அழகாக இருக்கிறதே என்று கைப்பேசியில் படம் எடுத்தாள். நானும் அவளோடு நின்று பார்த்தேன். உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது. வீடு பிடித்திருக்கிறது, நாங்கள் குறைத்துக் கேட்ட விலைக்கு எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அவர்கள் போன பிறகு கதவை எடுத்துத் திரும்பக் கொட்டகையில் வைத்தேன். குழிக்குள் அமைதியாக இருந்தது. கம்பை அளந்து பழைய இடத்தில் நட்டேன், பிறகு உங்களுக்குத் தொலைபேசி செய்தேன். உடைந்த மூடி, அதன் மேல் அவனே போட்ட தெர்மாகோல் என்றேன், குடிப்பழக்கம் உங்களுக்கே தெரியும். நீங்கள் அந்தக் கம்பின் பக்கத்தில் நின்று தலையை ஆட்டி, பாவம் என்றீர்கள். என் தோளைக்கூடத் தட்டினீர்கள். கையைக் கழுவிவிட்டுத்தானே தட்டினீர்கள் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

வீடு எனக்கு வந்தது, நான் விற்றேன், ஃபிளாட்டை வாங்கினேன். உங்களுக்கு வேடிக்கையாக இருக்கும், அந்தக் கழிப்பறையின் காகிதப் பட்டையை நான் இன்னும் பிரிக்கவே இல்லை. கீழே இருக்கிற காபிக் கடைக்குத்தான் போய் வருகிறேன். பிரிக்கலாம் என்று ஒவ்வொரு நாளும் குனிவேன். இதை முதலில் அசிங்கப்படுத்தப் போவது நானா என்று தோன்றும். நிமிர்ந்து வந்துவிடுவேன்.

டெல்பர்ட்டின் தூண்டில் சாமான்களை நான் வேண்டாம் என்றதும், கஸ்தோனிடம் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று நீங்கள் அந்த வீட்டுக்குப் போனது என் துரதிர்ஷ்டம். இரேன் அந்தப் பறவைப் படத்தைச் சட்டம் போட்டுச் சமையலறைச் சுவரில் மாட்டியிருந்தாள். அதில் கம்பு விறகுக் கொட்டகைப் பக்கம் நிற்கிறது. அதே சாயங்காலம் நீங்கள் நின்ற இடத்தில் இல்லை. நீங்கள் கெட்டிக்காரர், நான் ஒப்புக்கொள்கிறேன். எல்லாவற்றையும் துடைத்தேன், அவள் கைப்பேசிக்குள் இருந்ததை மட்டும் துடைக்க முடியவில்லை.

நான் கம்பை நகர்த்தினேன். கதவை எடுத்தேன், கதவை மூடினேன். அவன் உயிரோடு இருக்கும்போதுதான் மூடினேன். இதில் எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் வேண்டுமென்றே கை கொடுக்காமல் நின்றேன் என்று மட்டும் எழுதாதீர்கள், அது உண்மையில்லை. வெறும் கையால் அதைத் தொடச் சொன்னால் யாரால் முடியும்?

என்ன கேட்டீர்கள்? ஆமாம், அடுப்புத் தேய்த்துக்கொண்டிருந்தேன் என்றுதான் சொன்னேன். ஆமாம், அந்த ரசாயனத்தை யாரும் வெறும் கையால் தொட மாட்டார்கள். முழங்கை வரை வரும் மஞ்சள் ரப்பர் கையுறை. வெளியே போகும்போதும் போட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் அது அன்று காலைதான் பிரித்த புதுக் கையுறை, சார்ஜென்ட். அதைப் போய் அவனிடம் எப்படி நீட்டுவது?